உடைய வேண்டிய கை

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், சனிக்கிழமை முற்பகலில், நிலைமை இவ்வாறு இருந்தது. அச்சகத்தின் முன்கூடத்திலிருந்து பின்கூடத்துக்குச் சுவருக்குள் புதைத்துக் கொண்டுபோயிருந்த பழைய கேபிள் கருகிவிட்டது. புதிய கேபிள் சுருள் வாசலில் காத்துக் கிடந்தது. அது போவதற்குத் தரைக்கு அடியில் ஒரு வழி உண்டு: முன்னொரு காலத்தில் மழைநீருக்காகப் பதிக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட சிமெண்டுக் குழாய். ஆள் நுழைய முடியாத குறுகல்; நடுவில் ஒரு வளைவு; வளைவுக்கு நேர் மேலே, தரையில், காகிதம் வெட்டும் பெரிய இயந்திரம். எஃகுக் கம்பியைத் தள்ளிப் பார்த்தார்கள். அது வளைவில் முட்டி, மடங்கித் திரும்பி வந்தது. ஆகவே, மேடு பள்ளத்தில் ஓடும் சின்ன ரிமோட் டிரக் ஒன்றின் வாலில் கயிற்றைக் கட்டி உள்ளே அனுப்புவது என்றும், அது மறுமுனையில் வெளிப்பட்டதும் அந்தக் கயிற்றைக் கொண்டு கேபிளை இழுத்துக்கொள்வது என்றும் ஏற்பாடு. டிரக் வழியிலேயே நின்றுவிட்டால் குழாய் அடைபடும். பிறகு இயந்திரத்தை நகர்த்தித் தரையை உடைப்பதைத் தவிர வேறு வழி இராது.

டிரக் சின்னவனுடையது. நாற்பதைத் தொட்டுவிட்ட அவனைச் சின்னவன் என்று அழைப்பதற்கு, அவன் தன் அக்காவுக்குத் தம்பி என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வயரிங் வேலை செய்பவன். அவனுக்கு நிலையாக வேலை கொடுத்த ஒரே இடம் இந்த அச்சகம். அச்சகமோ அவன் அக்காள் கணவருடையது. அக்காள் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தினாள். அச்சகத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தார். தெரு முழுவதும் அதுவே நிலைத்துவிட்டது.

இந்த ஏற்பாடு ஒரு வாரத்துக்கு முன், அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூவரும் இருந்தபோது உண்டானது.

"சுவத்து மேல நீளமாத் தகட்டு ட்ரே அடிச்சு அதுல கேபிளைக் கொண்டுபோயிடலாம் மச்சான். சுத்தமா இருக்கும், ரிப்பேர் வந்தாலும் சுலபம்" என்றுதான் சின்னவன் தொடங்கினான்.

"சுவத்துல கொடி கட்டறதுக்கு இது என்ன துணி காயப்போடற இடமா? உள்ள வர்றவன் முதல்ல பாக்கறதே அந்தச் சுவத்தைத்தான்."

"அப்பக் குழாய் வழியாத்தான் போகணும். வண்டியை விட்டுப் பாக்கறேன்."

"எது, உன் பொம்மையா?"

"பொம்மைன்னு சொல்லாதீங்க. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல எத்தனை இடத்துல கயிறு இழுத்திருக்கு தெரியுமா?"

"எத்தனை இடத்துல கால் ஒடிஞ்சு உக்காந்துச்சு, அதையும் சேத்துச் சொல்லு மாப்ளே."

அது உண்மை. போன வருடம் அவன் சுவரில் துளை போடும்போது தண்ணீர்க் குழாய் ஓட்டையாகி, காகிதக் கட்டுகள் நனைந்து ஊறிப்போனதும் உண்மை. அதை அவர் வாயால் சொல்லவில்லை. தட்டைத் தள்ளிவைத்த விதத்தில் சொன்னார்.

"சரி, விடு உன் வண்டியை. ஆனா ஒண்ணு. உள்ள மாட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா, அன்னிக்கே அச்சகத்து வேலை உனக்கு முடிஞ்சுது. வெளி ஆளைப் போட்டுக்குவேன். அப்புறம் அக்கா, தம்பின்னு யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"வண்டி நிக்காது" என்றாள் பல்லக்கா. "ஒடியாதபடி நான் பண்ணித் தரேன்."

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் கனம் அவளுக்கு உறைத்தது. அவர் அவளை ஒரு முறை பார்த்தார். தம்பி ஒரு முறை பார்த்தான். இரண்டு பார்வைகளும் ஒன்றாக இல்லை.

டிரக்கில் அடிக்கடி ஒடிவது, முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்க்கும், ஆர்ம் என்னும் பிளாஸ்டிக் கை. ஒடிந்தவற்றைச் சின்னவன் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான். பல்லக்கா அவற்றைப் பட்டறை மேசையில் வரிசைப்படுத்தி, விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன: சக்கரத்துப் பக்கம், அச்சாணி நுழையும் துளைக்குச் சற்று உள்ளே. விரிசல் விட்ட பல் செட்டுகளோடு பல வருடம் பழகியவள் அவள். செட்டை எத்தனை முறை ஒட்டிக்கொடுத்தாலும் அடுத்த விரிசலும் பழைய இடத்துக்கே வரும். அந்த இடத்தை நன்றாகக் கட்டிவிட்டால் பிறகு தொல்லை இராது. இந்தக் கைகளுக்கும் அதே விதிதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

முதலில், பல் செட்டுக்குப் பயன்படும் அக்ரிலிக் கலவையைப் பூசினாள். காய்ந்ததும் அது வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"நைலான்க்கா. அதுமேல எதுவும் ஒட்டாது" என்றான் தம்பி.

"ஒட்டலைன்னா கட்டிப்போடுவோம்."

பல்லைக் குடையும் சிறு முனையால் கையின் நீளவாட்டில் பள்ளம் பறித்தாள். பல் செட் பக்கத்துப் பல்லைக் கவ்விக்கொள்வதற்காக வைக்கும் எஃகுக் கம்பியை அதில் படுக்கவைத்து, இரு நுனிகளையும் கொக்கியாக வளைத்துத் துளைக்குள் இறக்கினாள். மேலே மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அக்ரிலிக்கால் மூடி, வழவழவென்று தேய்த்துக்கொடுத்தாள். இடது சக்கரத்துக் கையில் மட்டும் கம்பியின் வெளி நுனி அச்சாணியில் உரசியது. அரத்தால் அதைக் குறைத்தாள்; துளையருகே கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியது. குறைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால், சக்கரம் திரும்ப வேண்டுமே.

பட்டறைக்குப் பின்னால், படியிலிருந்து டிரக்கைக் குதிக்கவிட்டுச் சுவரில் மோதவைத்துச் சோதித்தார்கள். கை அசையவில்லை. பல்லக்காவின் முகம் மலர்ந்தது. சின்னவன் வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கியர் பாக்ஸைச் சட்டத்தோடு பிடித்திருந்த காது போன்ற பிடி விரிந்திருந்தது.

"ஃப்யூஸ் போற இடத்துல ஆணியை வச்சு அடைச்சா என்னக்கா ஆகும்?"

"வீடு எரியும்."

"அதைத்தான் பண்ணி வச்சிருக்கே. ஆர்ம் ஒடிஞ்சுட்டா அடி அங்கயே நின்னுரும், கியர் பாக்ஸ் பொழைக்கும். ஆர்முக்கு ஸ்பேர் இருக்கு. கியர் பாக்ஸுக்கு எங்க போவேன்?"

"குழாய்க்குள்ள தவழ்ந்து போய் அந்த ஸ்பேரை யாரு மாட்டுவா? நீயா?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். அவள் விரிந்த காதின் மேல் எஃகுத் தகடு ஒன்றை வளைத்துப் போட்டு முடுக்கினாள். உடைப்பு இடம் மாறுகிறது என்பதை அவள் கவனித்தாள். மாறுகிற இடத்தையெல்லாம் கட்டிவிட்டால் அதற்குப் போக்கிடம் இராது என்றும் நினைத்தாள்.

"எல்லாப் பக்கமும் பாத்தாச்சா?" என்று தம்பி கேட்டான்.

"கடிக்கிற பக்கம் அத்தனையும் பாத்தாச்சு" என்றாள் அவள்.

சனிக்கிழமை குழாயின் முன்வாயில் மூவரும் குனிந்திருந்தார்கள். சின்னவன் கையில் ரிமோட். அவனுக்கு எதிரே ஒரு பெட்டியின் மேல் சாய்த்துவைத்த போன். டிரக்கின் கூரையில் பொருத்திய சிறு காமிரா காட்டுவது அந்தப் போனில் தெரிந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் திரையின் அடிப்பகுதியில் உருண்டன. பல்லக்கா கயிற்றுச் சுருளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டாள். அவள் கணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பைண்டர் பின்கூடத்தில், குழாயின் மறுவாயில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய குரல் மேசை மேலிருந்த இன்னொரு போனிலிருந்து வந்தது.

"நான் இங்க வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். குழாயும் அதைத்தான் பண்ணுது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரல."

"இப்பத்தான் கிளம்பியிருக்கு அண்ணே. கொஞ்சம் பேசாம இருங்க" என்றான் சின்னவன்.

விளக்கு வெளிச்சத்தில் குழாயின் உட்சுவர் வட்டம் வட்டமாகக் கடந்துபோயிற்று. வண்டல் படிந்த தரையில் சக்கரங்கள் புதைந்து, பிடித்து, ஏறின. கயிறு பல்லக்காவின் விரல்களுக்கு இடையே சீராக ஓடியது. வளைவு வந்தது. கம்பி ஏன் மடங்கியது என்பதும் தெரிந்தது: குழாயின் இணைப்பு பெயர்ந்து, செங்கல் துண்டுகள் உள்ளே விழுந்து கிடந்தன.

"இடது பக்கம் இடம் இருக்கு. ஏத்தி இறக்கிடறேன்."

"மெதுவா" என்றாள் அவள்.

இடது முன்சக்கரம் செங்கல் மேல் ஏறியது. காமிரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு சக்கரம் செங்கல்லுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே சட்டென்று இறங்கியது. வண்டி நின்றது. சின்னவன் முன்னால் தள்ளினான், நகரவில்லை. பின்னால் இழுத்தான், பின்சக்கரங்கள் சுழன்று வண்டலை வாரியடித்தன, படம் நடுங்கியது, நகரவில்லை. கயிறு அவள் விரல்களுக்கிடையே அசையாமல் கிடந்தது.

அவள் கணவர் தலையைத் திருப்பி, கூடத்தின் நடுவே நின்ற வெட்டும் இயந்திரத்தைப் பார்த்தார்; அதற்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தார். சின்னவன் மறுபடியும் இரு புறமும் ஆட்டிப் பார்த்தான்.

"போதும்" என்றார் அவர். கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, கயிற்றைப் பற்றி, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நான் இழுத்துடறேன்."

வீட்டுத் தண்ணீர்க் குழாயை மூடினால் வாஷர் நசுங்கும்வரை மூடுகிற மனிதர் அவர். அந்தக் கை இறுகுவதைப் பார்த்த கணத்தில், கயிற்றின் மறுநுனி எங்கே கட்டியிருக்கிறது என்பது பல்லக்காவுக்கு நினைவு வந்தது. பின்பம்பரில். பின்பம்பர் வெறும் பிளாஸ்டிக். இரண்டு சிறிய ஸ்க்ரூக்களில் நிற்பது. அதை அவள் தொடவே இல்லை. அவள் மேசைக்கு வருபவை எல்லாம் கடிப்பதற்கானவை. பின்னாலிருந்து இழுக்கப்போகும் பொருள் ஒன்றை அவள் இதுவரை செய்ததில்லை. கட்டக் கட்ட இடம் மாறிய உடைப்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

அவள் எழுந்து கயிற்றின் மேல் காலை வைத்து மிதித்தாள்.

"என்ன பண்றே நீ?"

"இழுக்காதீங்க. கழண்டு வந்துடும்."

"எது?"

"கயிறு கட்டியிருக்கற இடம். கயிறு மட்டும் உங்க கைக்கு வரும், வண்டி உள்ளயே நின்னுரும்."

"ஒடியாம பண்ணித் தரேன்னு சொன்னது யாரு?"

"நான்தான். திட்டறதைச் சாயங்காலத்துக்கு வச்சுக்குங்க. இப்பக் கையைத் தளத்துங்க."

அவர் தளர்த்தவில்லை, ஆனால் இழுக்கவும் இல்லை. அவள் காலையும் அவர் கையையும் இணைத்துக் கயிறு விறைப்பாக நின்றது. சின்னவன் இருவரையும் பார்க்காமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டார் சூடாகுதுக்கா" என்றான். பிறகு, குத்திக்காட்டும் எண்ணம் சிறிதும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வதைப் போல, "பழைய ஆர்மா இருந்தா இந்நேரம் ஒடிஞ்சு வந்திருக்கும்" என்றான்.

பல்லக்கா திரையில் அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். செங்கல்லும் சுவரும் அதைப் பிடித்திருக்கவில்லை. அவள் போட்ட கம்பி பிடித்திருந்தது.

"மாட்டியிருக்கறது இடதுதானே?"

"இடதுதான்."

"ஒடிச்சுடு."

"என்னக்கா சொல்றே? நீ போட்ட கட்டு. சுவத்துல மோதியே ஒடியல."

"நேரா மோதினா ஒடியாது. அந்தக் கையில மட்டும் கம்பி நுனியைக் குறைச்சிருக்கேன். சக்கரத்தை முழுசா வலது பக்கம் திருப்பு. திருப்பினபடியே பின்னால விடு. தடவிக்கொடுக்காதே, ஓங்கி விடு. நிறுத்து, மறுபடி விடு."

"கியர் பாக்ஸ்?"

"தகடு தாங்கும்."

"தாங்கலைன்னா?"

"தாங்கலைன்னா தரையை உடைக்கட்டும். விடு."

சின்னவன் தன் மச்சானைப் பார்த்தான். அவர் உள்ளங்கையிலிருந்து கயிற்றின் சுற்றை மெதுவாகப் பிரித்தார். அதையே அவன் அனுமதியாக எடுத்துக்கொண்டான்.

முதல் உதறலில் படம் குலுங்கியது. வேறு எதுவும் நடக்கவில்லை. இரண்டாவதில் திரை இருண்டு மீண்டும் தெரிந்தது. பல்லக்கா தன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் வைத்து நெரித்துக்கொண்டிருந்தாள். நுனிக்கும் துளைக்கும் நடுவே இருந்த அந்த வெற்றுப் பிளாஸ்டிக்கின் அளவை அவள் மனம் திரும்பத் திரும்ப அளந்தது. அன்று குறைக்கும்போது மனம் நொந்த அதே இடம்.

"இன்னொரு தடவை. பயப்படாம."

குழாயின் வாயிலிருந்து, வெகு தூரத்தில் யாரோ ஒரு குச்சியை முறித்த மாதிரி, ஒரு சத்தம் வந்தது. பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டால், அன்றைய வேலை முழுவதும் பாழ் என்று பொருள். இங்கே அவள் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். திரையில் இடது சக்கரம் மடங்கித் தொங்கியது. வண்டி செங்கல்லிலிருந்து பின்வாங்கியது.

"வந்துடுச்சு" என்றான் சின்னவன். உடனே குரல் மாறியது. "இன்னும் வரல. பின்னால எனக்கு ஒண்ணுமே தெரியாது. கயிறு தொய்ஞ்சு சக்கரத்துல சுத்திச்சுன்னா செத்தோம். தொய்யவும் கூடாது, இழுக்கவும் கூடாது."

கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது. பல்லக்கா அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"பிடிங்க. இழுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளைச் சட்டையோடு அவர் தரையில் உட்கார்ந்தார். கயிற்றை இரண்டு விரல்களால் எடுத்தார். டிரக் பின்னால் வர வர, குழந்தையின் தொட்டிலுக்கு மேலிருந்து எதையோ எடுப்பவர் போல, விரல்நுனியால் கயிற்றைச் சேர்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் வண்டி தயங்கியது, கயிறு விறைத்தது, அவர் தோள்கள் பழக்கத்தால் பின்னால் சாயப் பார்த்தன.

"விடுங்க" என்றாள் அவள்.

"விட்டுட்டேன்" என்றார் அவர். விட்டிருந்தார்.

"என்னய்யா, வர்றேன்னு சொன்னவன் வழியிலயே திரும்பிட்டானா?" என்று போனில் பைண்டர் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "சரி, நான் கேக்கல" என்றார் அவரே.

குழாயின் வாயில் முதலில் பின்சக்கரங்களின் சேறு தெரிந்தது. பிறகு முழு வண்டியும், தொங்கும் ஒரு சக்கரத்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. சின்னவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். அவன் விரல்கள் அதைப் பிடித்திருந்த வடிவத்திலேயே சிறிது நேரம் நின்றன.

பல்லக்கா குனிந்து பின்பம்பரை இரண்டு விரல்களால் பிடித்து இழுத்தாள். பெரிதாக இழுக்கவில்லை. இரண்டு ஸ்க்ரூக்களோடும் கயிற்று முடிச்சோடும் அது கழன்று கையில் வந்தது. அதை அவள் தன் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள். கயிறு சுற்றியிருந்த தடம் அங்கே இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உள்ள மாட்டிக்கிச்சா, இல்லையா மாப்ளே?"

பல்லக்கா பேச வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார். "அவன் சொல்லட்டும்."

"மாட்டிக்கிச்சு மச்சான்" என்றான் சின்னவன். சாக்குச் சொல்லவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. அப்புறம் வந்துச்சு."

அவர் மறுபடி பம்பரைப் பார்த்தார். "நான் இழுத்திருந்தா நின்னே போயிருக்கும். தரையை உடைச்சிருப்பேன். உடைச்சுட்டு, உன்னால வந்த வினைன்னு உன்னைத் துரத்தியிருப்பேன்." சட்டையின் சேற்றைத் தட்டிப் பார்த்தார்; போகவில்லை. "நான் இழுத்த கதை வெளிய வந்திருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் பல்லக்கா.

"உனக்குத் தெரியாம இந்த வீட்டுல எது இருக்கு?"

அதற்குள் பைண்டர் பின்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தார். தொங்கும் சக்கரத்தையும் முதலாளியின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுல எதுக்கு அடி பலம்?" என்று கேட்டார். சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்று இருமினான். அச்சக முதலாளி அவனை முறைத்தார். பிறகு, நீளமான அந்தச் சுவரைக் கதவிலிருந்து கடைசி வரை ஒரு முறை பார்த்தார்.

"ட்ரே என்ன கலர்ல வரும்?" என்று கேட்டார்.

அன்று பிற்பகல் முடிவானது இது. குழாய் வழியாகக் கேபிள் கொண்டுபோவதில்லை. அதன் இரு வாய்களையும் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. கேபிள் சுவரின் மேல் ட்ரேயில் போகும். ட்ரேக்குச் சுவரின் நிறத்திலேயே வர்ணம் பூசப்படும். இந்த ஒன்றில் முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை. வேலையைத் திங்கட்கிழமை சின்னவன் தொடங்குவான். அச்சகத்து வயரிங் அவன் பொறுப்பிலேயே தொடரும். சுவரில் எங்கே துளை போடுவதானாலும் முதலில் மச்சானிடம் காட்டிவிட்டுப் போடுவான். டிரக்கின் கியர் பாக்ஸ் மேல் போட்ட தகடு அப்படியே இருக்கும். கயிறு இனிமேல் பம்பரில் அல்ல, சட்டத்தில் கட்டப்படும். முன்கைகள் இரண்டையும் கழற்றிவிட்டு, கடையிலிருந்து வந்தபடியே, கம்பி இல்லாத கைகளை மாட்டுவது என்று பல்லக்கா சொன்னாள், அவளே மாட்டினாள்.